குளச்சலை எனக்கு விட்டு வை

அஞ்சுதெங்கு
ஆகஸ்ட் 18, 2025

ராஜிக்கு நாகு எழுதுவது.

போனில் கூப்பிடாதே என்றாய், கூப்பிடவில்லை. கரமனை வீட்டுப் படி ஏறாதே என்றாய், ஏறவில்லை. கடிதம் போடாதே என்று நீ சொல்லவில்லை, அதனால் போடுகிறேன். வாழ்நாள் பூராவும் ஆடிட் ஆபீஸில் உட்கார்ந்தவனுக்கு, விட்டுப்போன ஷரத்து எது என்று தேடத்தான் தெரியும்.

இது அம்மாவுக்கும் சேர்த்துத்தான். போனைக் காதில் வைத்தால் "யாரு, யாரு" என்று கேட்டுவிட்டு அழுகிறாள். நீ காதோரம் வாசித்தால் அவளுக்குக் கேட்கிறது. அதனால் அப்பா வெளியூரில் வேலை பார்த்த காலத்துப் பழக்கத்தையே வைத்துக்கொள்வோம். விளக்கு வைத்த பிறகு எல்லோருக்கும் வாசிக்க ஒரு தாள். மூலையைக் காது மாதிரி மடித்த தாள் உனக்கு மட்டும், அதை வாய்விட்டு வாசிக்கக் கூடாது.

பட்டம் பகுதியில் இருக்கிற என் பிளாட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். கடலோரத்தில் இருக்கிற பழைய சின்ன ஊர்களாகப் பார்த்துக்கொண்டு தெற்கே போவதாக உத்தேசம். நவநீத் பெங்களூருக்கு வரச் சொன்னான். பெற்ற பிள்ளைதான், ஆனால் பதினான்காவது மாடியில் இருக்கிறான். காசிக்குப் போகச் சொன்னவர்களும் உண்டு. எனக்கு யாரும் "எப்படி இருக்கேள்" என்று கேட்காத ஊர் போதும்.

இங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் துண்டு நிலம். அதில் ஒரு குட்டிக் கோட்டை. யாரோ வெள்ளைக்காரன் கட்டியது. உள்ளே புல்லை நன்றாக வெட்டி வைத்திருக்கிறார்கள், பார்க்கத்தான் ஆளில்லை. கலங்கரை விளக்கத்தில் பாதிப் படி ஏறினேன். முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கேயே உட்கார்ந்து, ஒரு சின்ன ஜன்னல் வழியாகத் தெரிந்த அளவு கடலைப் பார்த்துவிட்டு இறங்கினேன். அலை கருங்கல்லில் மோதி ஆள் உயரத்துக்கு எழும்புகிறது. அம்மா, பயப்படாதே, நான் கிட்டே போகவில்லை.

அடுத்து தேங்காப்பட்டணம். விலாசம் கவரின் பின்னால் இருக்கிறது.

நாகு

(மூலை மடித்த தாள்)

உன் மன்னி வத்ஸலா போய் ஒரு வருஷமான வருஷாப்தீகச் சாப்பாட்டில், இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, அம்மாவை முதியோர் இல்லத்தில் விடலாம் என்று பேச்செடுத்தது தப்பு. பேச்சு தப்பில்லை, எடுத்த இடம் தப்பு. நீ பாதியாக இளைத்துவிட்டாய், ராஜி. அதைப் பார்த்துத்தான் வாய் வந்தது. நீ சாம்பார் வாளியைத் தரையில் வைத்த வேகத்தில் சாஸ்திரிகள் எழுந்தே போய்விட்டார்.


கரமனை
ஆகஸ்ட் 22, 2025

அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்தேன். "கடல்ல கால வெச்சானோ? அமாவாசையான்னு பாத்துண்டானோ?" என்றாள். அமாவாசை, பௌர்ணமி தவிர மற்ற நாளில் கடலைத் தொடக்கூடாது என்பது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. நாளை ஆவணி அமாவாசை. கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் அது போய்விடும், எங்கே இருந்தாலும் காலை நனைத்திருப்பாய். நனைத்தேன் என்று எழுது, அவளுக்குச் சொல்ல வேண்டும்.

"யாரோ வெள்ளைக்காரன்" இல்லை. அந்தக் கோட்டையைக் கட்டியது ஆங்கிலேயக் கம்பெனி. மிளகுக்காக வந்தார்கள். சரித்திரத்தில் நீ வாங்கிய மார்க்கு எனக்கு நினைவிருக்கிறது, ஆகையால் இதோடு விடுகிறேன்.

நான் இளைத்துவிட்டேன் என்று கண்டுபிடித்திருக்கிறாய். நன்றி. அதற்கு நீ கண்ட வைத்தியம் அம்மாவை எங்கேயோ கொண்டுபோய் விடுவது. ஒரு மாதம் வந்து நீ பார்த்துக்கொள்கிறேன் என்பது அந்த வைத்தியத்தில் இல்லை.

போன ஐப்பசியில் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு ஒடிந்தது. அதிலிருந்து நீ அவள் ரூமுக்குள் ஒரு தடவைகூட வரவில்லை. கூடத்தில் நின்று "அம்மா, எப்படி இருக்கே" என்று கத்துவாய். அவளுக்குக் கேட்காது. பழத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவாய். ஹோம் நர்ஸ் ஷிபாவுக்கு நீ யார் என்றே ரொம்ப நாள் தெரியாது, பழக்கடைக்காரர் என்று நினைத்திருந்தாள். ஏன் வருவதில்லை என்று எனக்கு ஓரளவு தெரியும். ஆனாலும் நீ வாயால் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். நீ தெற்கே போனால் வழியில் குளச்சல் வரும். அங்கே இறங்காதே. சர்வீஸ் முழுக்க எட்டாம் வகுப்புக்கு மலையாளத்தில் குளச்சல் யுத்தம் நடத்தியவள் நான். பலகையில் கப்பல் வரைந்து, துறைமுகம் வரைந்து, எத்தனை பிள்ளைகளை எழுப்பிக் கேள்வி கேட்டிருப்பேன். ஊரை நான் பார்த்ததில்லை. நாகர்கோவில் பஸ் நம் தெருமுனையைத் தாண்டித்தான் போகிறது. ஒவ்வொரு வருஷமும் எக்ஸ்கர்ஷன் ஏற்பாடு செய்வேன். ஒரு வருஷம் அப்பா படுத்தார், ஒரு வருஷம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், வேறு டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவாள். நீ மற்ற ஊரெல்லாம் பார்த்துக்கொள். குளச்சலை எனக்கு விட்டு வை.

ராஜி


தேங்காப்பட்டணம்
ஆகஸ்ட் 29, 2025

ராஜிக்கு,

அமாவாசையன்று விழிஞ்ஞத்தில் கணுக்கால் வரை நனைத்தேன். அம்மாவிடம் சொல்.

இங்கே ஆறு கடலில் சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. அதன் மாடியில் அறை. கடைக்காரர் பெயர் பிச்சைக்கனி. முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாரு எங்கேருந்து வாறிய?" என்றார். சொன்னேன். "இங்க பாக்கதுக்கு என்ன இருக்கு? கடலு இருக்கு, பழைய பள்ளி இருக்கு, செத்தவனுக்க குழி இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. டீ குடிச்சிட்டு ரூமுல படுங்க" என்றார். அவர் சொன்ன மூன்றும் இருக்கின்றன. கருங்கல்லில் கட்டிய பழைய பள்ளிவாசல், வாசலில் குளிர்ச்சியான பெரிய தூண்கள். ஒரு காலத்தில் அரேபியாவிலிருந்து கப்பல் வந்த துறையாம். இப்போது ஆற்றுமுகத்தில் படகுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. கடல் தென்னந்தோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. வேர் வெளியே தெரிய நிற்கிற மரங்களில் காய் மட்டும் வழக்கம்போல் காய்த்திருக்கிறது.

அவர் சொன்னபடியே டீ குடித்துவிட்டு ரூமில் படுத்திருக்கிறேன். மழை. ஊர் பார்க்க வந்தவன் என்ற பெயருக்காகச் சாயங்காலம் ஒருமுறை குடையோடு கரைக்குப் போய் வருகிறேன். அலுப்பாக இருக்கிறது. அலுப்பாக இருந்தால் வீட்டில் இருக்கலாமே என்பாய். வீட்டில் இருந்தால் இன்னும் அலுப்பு.

குளச்சலில் இறங்க மாட்டேன். சத்தியம்.

நாகு

(மூலை மடித்த தாள்)

நீ கேட்டதற்குப் பதில் எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். டீ ஆறிவிட்டது, விளக்கும் போய்விட்டது. அடுத்து முட்டம் போய், அங்கிருந்து எழுதுகிறேன். அங்கே லாட்ஜ் கொஞ்சம் நல்லது என்கிறார்கள்.


கரமனை
செப்டம்பர் 5, 2025

அண்ணாவுக்கு,

இன்று திருவோணம். ஷிபா "சேச்சி, ஓணம் கழிஞ்ஞு வராம்" என்று போயிருக்கிறாள், ஓணம் முடிந்துதான் வருவாள். போக வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவளுக்கும் வீடு இருக்கிறது, இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆகவே நானும் அம்மாவும்தான்.

உன் தாள் நன்றாகவே இருந்தது. "செத்தவனுக்க குழி" என்று வாசித்ததும் அம்மா சிரித்தாள். சத்தம் போட்டு, இருமல் வரும்வரை சிரித்தாள். "அந்தக் கடைக்காரன் சொன்னதை மறுபடி வாசி" என்றாள். அவள் சிரித்து நான் கேட்டு மாதக்கணக்காயிற்று. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும், இருக்கவில்லை. பக்கத்திலேயே கிடந்து மலமும் மூத்திரமும் எடுக்கிறவளிடம் சிரிப்பு வருவதில்லை, எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருக்கிறவனிடம் வருகிறது. எரிச்சலாகத்தான் இருந்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

மழையில் துணி காயவில்லை. கூடத்தில் கொடி கட்டி விரிப்பெல்லாம் தொங்குகிறது, குனிந்துதான் நடக்க வேண்டியிருக்கிறது. ஏர் பெட் மோட்டார் ராத்திரி நின்றுபோயிற்று. புண் வந்துவிடக் கூடாது என்று அலாரம் வைத்து எழுந்து எழுந்து புரட்டிப் போட்டேன். ஒவ்வொரு தரமும் "நீ தூங்கலையா" என்று கேட்கிறாள். தூங்கினால் யார் புரட்டுவது? இதை அவளிடம் சொல்ல முடியாது.

ஓணத்துக்குப் பாயசம் வைத்தேன். அம்மாவுக்கு இரண்டு ஸ்பூன். மீதியை நான் சாப்பிட மறந்துபோய், புளித்துவிட்டது. பக்கத்து வீட்டு அஸ்வதி வாசலில் பூவால் போட்ட பூக்களம் பார்க்கக் கூப்பிட்டாள். வாசல்வரை போய், அம்மா கூப்பிட்டது மாதிரி இருக்கவே திரும்பிவிட்டேன். அவள் கூப்பிடவில்லை.

வா என்று நான் சொல்லவில்லை. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் அப்படித் தோன்றும், அதனால் சொல்லிவிடுகிறேன்.

ராஜி


முட்டம்
செப்டம்பர் 11, 2025

ராஜிக்கு,

பஸ் குளச்சல் வழியாகத்தான் வந்தது. ஊர்ப்பலகை தெரிந்ததுமே கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் தோளைத் தொட்டு, "தலை சுத்துதா சாரே, வண்டிய நிறுத்தச் சொல்லட்டா?" என்றார். இல்லை, இந்த ஊர் என் தங்கையுடையது, நான் பார்க்கக்கூடாது என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. மீன் வாசனை வந்தது, மூக்கை மூட மறந்துவிட்டேன். அதற்கு மன்னித்துக்கொள். அடுத்த ஊர் வந்து, கண்டக்டர் மண்டைக்காடு என்று கத்திய பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

அம்மா, முட்டம் நன்றாக இருக்கிறது. செம்மண் மேடு. அதன் விளிம்பில் கலங்கரை விளக்கம். கீழே யானை யானையாகப் பாறை. அலை வந்து பாறையில் அடித்தால் மேட்டில் நிற்கிறவன் முகத்தில் தூவானம் விழுகிறது. நடுவில் பழைய மாதா கோயில், மாலையில் மணி அடிக்கிறது. பெண்கள் வலையைப் பிரித்துக்கொண்டு, எனக்கு ஒரு வார்த்தை புரியாத வேகத்தில் சண்டை போடுகிறார்கள். நான் பாறையில் ஒரு சமமான இடம் பார்த்து வைத்திருக்கிறேன். தினமும் அங்கே போய் உட்காருகிறேன். ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். பசிதான் தோன்றுகிறது. எழுந்து வந்துவிடுகிறேன்.

நாகு

(மூலை மடித்த தாள்)

நீ கேட்டதற்குப் பதில்.

வத்ஸலாவின் கடைசி மாதங்கள் உனக்குத் தெரியும். அவளுக்கு வலி தாங்காமல் போனபோது, இவளைக் கொண்டுபோய்விடு என்று நான்தான் வேண்டிக்கொண்டேன். தினமும் வேண்டினேன். நடந்தது. அது தப்பென்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் அம்மா ரூம் வாசலில் வந்து நின்றால் அதே டெட்டால், அதே பவுடர், அதே மோட்டார் சத்தம். கட்டிலில் யார் என்றே ஒரு நிமிஷம் குழம்பிவிடுகிறது. அம்மாவைப் பார்த்தும் அந்த வேண்டுதல் என் வாயில் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, ராஜி. வந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் பழத்தை வைத்துவிட்டுப் போகிறேன். அதனால்தான் முதியோர் இல்லம் என்றேன். அங்கே இருந்தால் நான் வேண்டிக்கொள்ள மாட்டேன் என்று ஒரு நினைப்பு.


கரமனை
செப்டம்பர் 16, 2025

அண்ணாவுக்கு,

ஒரு பெரிய தப்பு நடந்துவிட்டது. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

உன் கவர் மழையில் நனைந்து வந்தது. இரண்டு தாளும் ஒட்டிக்கொண்டிருந்தன. மடித்த மூலை தண்ணீரில் நிமிர்ந்து, மடிப்பே தெரியவில்லை. விளக்கு வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். முதல் தாள் முடிந்தது. அடுத்ததையும் வாசித்தேன். என் கண் பாதி மூடியிருந்தது. வகுப்பில் பாடம் நடத்தும்போது மனசு வேறெங்கோ இருக்க, வாய் தானாகப் பேசும் பாரு, அப்படி. "வாயில் வந்துவிடுமோ" என்று என் குரலே எனக்குக் கேட்ட பிறகுதான் விழித்துக்கொண்டேன். அதற்குள் எல்லாம் அவள் காதில் போய்விட்டது. வேறு நாளில் பத்துத் தரம் சொன்னாலும் கேட்காத காது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் மன்னிப்பு கேட்டும் திறக்கவில்லை. ராத்திரி முழுக்க அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

காலையில் கஞ்சி ஊட்டும்போது சொன்னாள். "அவனை வரச் சொல்லு. உள்ள வர வேண்டாம். நெலைப்படிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உக்காந்தா போறும்." நான் தலையாட்டினேன். கொஞ்சம் கழித்து, "வேண்டிண்டா வேண்டிக்கட்டும். நானும் தினம் அதைத்தானே வேண்டிண்டிருக்கேன். தனித்தனியா எதுக்கு? வந்தா ரெண்டு பேரும் சேந்து வேண்டிக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டு, கஞ்சியில் உப்புக் குறைச்சல் என்றாள்.

நல்லது. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வேண்டிக்கொள்ளுங்கள். ராத்திரி எழுந்து எழுந்து ஒருத்தியைப் புரட்டிப் போட்டு, உப்பு பார்த்துக் கஞ்சி காய்ச்சுகிறவளை இரண்டு பேருமே கேட்கவில்லை. எனக்கு அவள் வேண்டும். இப்படிக் கிடந்தாலும் வேண்டும். ஆனால் எனக்குத் தூக்கமும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது போலிருக்கிறது.

நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே தூங்கிவிட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஷிபா பின்கட்டிலிருந்து ஓடி வந்து மூடினாள். "சேச்சி, இனி ஒற்றைக்கு பற்றில்லா" என்றாள். தனியாக இனி என்னால் முடியாது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது.

போன கடிதத்தில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். வா.

ராஜி


வட்டக்கோட்டை
செப்டம்பர் 21, 2025

ராஜிக்கு,

இன்று மஹாளய அமாவாசை. கன்னியாகுமரியில் இறங்கிக் குளித்து, அப்பாவுக்கும் வத்ஸலாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டேன். அம்மா கேட்டால் தலை முழுக நனைந்தேன் என்று சொல்.

அப்புறம் பஸ் பிடித்து இங்கே வந்தேன். கோட்டைச் சுவர் மேல் அகலமான பாதை. வண்டியே ஓட்டலாம். ஒரு பக்கம் மலை, மின்சாரக் காற்றாடிகள். மறுபக்கம் சுவரின் அடியிலேயே கடல். முட்டத்தில் ஆர்ப்பாட்டம் செய்கிற கடல் இங்கே சாதுவாக இருக்கிறது. பார்க்க வேண்டிய ஊர்களில் இதுதான் கடைசி என்று வைத்திருந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் கடிதம் பையில் இருக்கும்போது எதைப் பார்த்தாலும் பால் பொங்குகிற அடுப்பாகத் தெரிகிறது.

நாளை வருகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன். இருந்தாலும் எழுதுகிறேன், வாசலில் நிற்கும்போது எனக்கு வாய் வராது. நாற்காலியை அம்மா சொன்ன இடத்தில் போட்டு வை. உள்ளே வருவேனா என்று தெரியாது. ஆனால் ராத்திரி அலாரம் இனி என் தலைமாட்டில் இருக்கட்டும். ஷிபா சொல்லித் தந்தால் புரட்டவும் கற்றுக்கொள்வேன்.

நீ குளச்சலுக்குக் கிளம்பு. பிச்சைக்கனியின் மச்சான் வீடு அங்கே கடலோரத்தில் இருக்கிறது. மாடியில் ஒரு அறை உனக்காகச் சொல்லி வைத்தாயிற்று. நான் போய்ப் பார்க்கவில்லை, டீக்கடைக்குப் போன் பண்ணித்தான் பேசினேன். அந்த வீட்டம்மா சைவமாகச் சமைத்துத் தருகிறாளாம்.

நாகு


குளச்சல்
செப்டம்பர் 30, 2025

அம்மாவுக்கு ராஜி எழுதுவது. அண்ணா வாசித்துக் காட்டவும்.

வெள்ளிக்கிழமை சௌகரியமாக வந்து சேர்ந்தேன். குளச்சல் பழம்பெருமை வாய்ந்த இயற்கைத் துறைமுகம். கி.பி. 1741இல் டச்சுக்காரர்கள் மிளகு வாணிபத்தைக் கைப்பற்றக் கப்பல்களில் வந்து இங்கே இறங்கினார்கள். மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் படை அவர்களை எதிர்த்தது. கரையிலிருந்த மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்கள் என்றும், தூரத்துக் கப்பலில் இருந்தவர்கள் அவற்றைத் துப்பாக்கி என்று நினைத்துப் பயந்தார்கள் என்றும் சொல்வதுண்டு. டச்சுப் படைத்தலைவர் டிலனாய் சிறைப்பட்டார். பின்னர் அவரே மகாராஜாவின் படைக்குப் பயிற்சி அளித்தார். வெற்றியின் நினைவாகக் கடற்கரை அருகே ஒரு கல்தூண் நிறுவப்பட்டுள்ளது. கம்பீரமாக உள்ளது. எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தேன். மிகவும் சந்தோஷமாக இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு. அண்ணாவைப் படுத்தாதே.

ராஜி

(மூலை மடித்த தாள்)

அண்ணா, மேலே எழுதிய எதையும் நான் பார்க்கவில்லை. தூணையும் பார்க்கவில்லை.

வந்த அன்று பையைக்கூடத் திறக்காமல் படுத்தேன். எழுந்தபோது சாயங்காலமா விடிகாலையா என்று தெரியவில்லை. வீட்டம்மா ராஜபாய் கதவுக்கு வெளியே தட்டில் மூடி வைத்திருந்த இட்லியைத் தின்றேன், மறுபடி படுத்தேன். அன்றிலிருந்து இதுதான் நடக்கிறது. நடுவில் ஒருமுறை அம்மாவைப் புரட்ட வேண்டும் என்று பதறி எழுந்து கையை நீட்டினேன். சுவர் தட்டுப்பட்டது. அதைத் தொட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு தூங்கிவிட்டேன்.

ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியுமாம். "தொறந்து பாருங்க டீச்சரே, இதுக்குத்தானே வந்திய" என்கிறாள் ராஜபாய். நான் திறக்கவில்லை. எழுந்து தாழ்ப்பாளை நீக்கிக் கடலைப் பார்ப்பது இன்னொரு வேலையாகத் தெரிகிறது. அது பாட்டுக்கு வெளியே இரைந்துகொண்டிருக்கிறது. கேட்டுக்கொண்டே தூங்கிப்போகிறேன்.

அம்மாவிடம் சொல்லாதே. குளச்சல் குளச்சல் என்று எத்தனை வருஷம் அவள் உயிரை வாங்கியிருப்பேன். கடைசியில் வந்து படுத்துக் கிடக்கிறாள் என்று தெரிந்தால் மனசு கஷ்டப்படுவாள். எனக்கே வெட்கமாக இருக்கிறது. நான் எப்போது திரும்ப வேண்டும்? நீ சொல்கிற நாளில் பஸ் ஏறிவிடுகிறேன்.


கரமனை
அக்டோபர் 3, 2025

ராஜிக்கு,

முதலில் இங்கே நடப்பதைச் சொல்கிறேன். நீ கிளம்பும்போது நாற்காலி நிலைப்படிக்கு வெளியே இருந்தது அல்லவா? அங்கிருந்து பேசினால் அம்மாவுக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. "என்னது, என்னது" என்றாள். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். அப்போதும் கேட்கவில்லை. இப்போது அது கட்டிலை ஒட்டி இருக்கிறது. முதல் ராத்திரி ஷிபா சொன்ன மாதிரி தோளுக்கும் இடுப்புக்கும் கைகொடுத்துப் புரட்டினேன். வலிக்குமோ என்று பாதியில் நிறுத்தினேன். "பயப்படாதே, எனக்கு ஒடியறதெல்லாம் ஒடிஞ்சாச்சு" என்றாள்.

விளக்கு வைத்த பிறகு இரண்டு பேரும் வேண்டிக்கொள்கிறோம். நேற்று விஜயதசமி. என்ன வேண்டினாய் என்று கேட்டேன். "ராஜி கடுதாசி வரட்டும், மத்ததை அப்பறம் பாத்துக்கலாம்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள். நானும் அதையேதான் வேண்டினேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

இன்று உன் கடிதம் வந்தது. காதோரம் குனிந்து வாசித்தேன். டிலனாய் சிறைப்பட்ட இடம் வந்ததும், "போறும், நிறுத்து" என்றாள்.

"ஏன்மா?"

"இது எட்டாம் கிளாஸ் பாடம்டா. கார்த்தால தோசை வாத்துண்டே சொல்லிப் பாப்பாளே, அதேதான். மலையாளத்துல சொல்லுவா, இது தமிழ்ல இருக்கு, அவ்வளவுதான். கடல் சத்தம்னு ஒரு வார்த்தை உண்டோ அதுல? மீன் நாத்தம்னு உண்டோ? நீ டீக்கடைக்காரனை எழுதினியே, அந்த மாதிரி ஒரு மனுஷாளாவது உண்டோ? அவ வெளியிலேயே போகலை."

கவரைத் தடவிப் பார்த்து, "மடிச்ச தாள் இருக்கோ?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "எனக்கு வாசிக்க வேண்டாம். தெரியும். தூங்கிண்டிருக்கா" என்றாள். அவள் கண் ஓரத்தில் தண்ணீர் இறங்கியது. துடைத்துவிட்டேன். மனசு கஷ்டப்பட்டாள் என்று எழுத முடியாது. முகம் தெளிவாக இருந்தது. "எத்தனை வருஷத்துத் தூக்கம்டா அது. தூங்கட்டும்" என்றாள்.

எப்போது திரும்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அதை அம்மாவிடமே கேட்டேன். ஆறாம் தேதி பௌர்ணமி, அன்றைக்கு விழித்துக்கொண்டிருந்தால் இறங்கிப்போய்க் காலை நனைக்கட்டும், தோஷமில்லை என்றாள். தூங்கிக்கொண்டிருந்தால் அடுத்த அமாவாசைக்குப் பார்த்துக்கொள்ளலாமாம். கடல் எங்கேயும் போய்விடாதாம். பஸ் ஏறுகிற நாள் என்று எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

இதை நான் எழுத உட்கார்ந்ததும் அவளுக்குப் புதிதாக ஒரு கவலை வந்துவிட்டது. "கடுதாசி போட்டா தபால்காரன் கதவைத் தட்டுவனே. எழுந்துண்டுடுவளே. போடாதேடா" என்கிறாள். வெகுநேரம் சமாதானம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கடைசியில் அவள் சொல்லச் சொல்லக் கவரின் மேல், உன் விலாசத்துக்குக் கீழே, சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருக்கிறேன்: "தபால்காரர் அவர்களுக்கு: கதவைத் தட்ட வேண்டாம். அடியில் தள்ளிவிட்டுப் போகவும்."

நாகு